ஏரிக்கு அடியில் யுரேனியம்: உருண்டு வந்த கற்கள் காட்டிய வழி

கனடாவின் சஸ்காட்செவான் மாகாணம். அதன் வடமேற்கு மூலையில், பைன் மரக் காட்டுக்கு நடுவே, 2011-ம் ஆண்டில் ஒரு சிறு குழு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கையில் மண்வெட்டி. கூடவே, கதிர்வீச்சு இருந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் ஒரு கருவி. அவர்கள் தேடியது தங்கமோ வைரமோ அல்ல, கறுத்து, கனத்துக் கிடக்கும் கற்களை.

விமானத்தில் பறந்தபடி நிலத்தின் கதிர்வீச்சை அளந்தபோது, அந்தப் பகுதியில் சில இடங்கள் மட்டும் அதிகமாகக் காட்டின. இறங்கிப் போய்த் தோண்டினால் மணலுக்குள் யுரேனியக் கற்கள். சிலவற்றின் எடையில் 30 சதவிகிதத்துக்கு மேல் யுரேனிய ஆக்சைடு. உலகில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பல சுரங்கங்களில் 0.1 சதவிகிதம்கூட இருக்காது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கற்களின் அருமை புரியும்.

ஆனால், ஒரு சிக்கல். அந்தக் கற்கள் அங்கே பிறந்தவை அல்ல!

பனிப்பாறை போட்ட புள்ளிகள்

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தில், கனடா முழுக்கப் பனிப்பாறைகள் மூடியிருந்தன. அவை வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நகர்ந்தபோது, அடியில் இருந்த பாறைகளைச் சுரண்டி, உடைத்து, இழுத்துக்கொண்டு வந்தன. பனி உருகியதும் கற்களை அப்படியே போட்டுவிட்டுப் போயின. கோலப்பொடி சிந்திய தடத்தைப் பார்த்து டப்பா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுபோல, கற்கள் சிதறிக் கிடக்கும் திசையில் பின்னோக்கிப் போனால் தாய்ப்பாறை கிடைக்கும்.

அப்படிப் பின்னோக்கிப் போனபோது எதிரில் வந்தது பேட்டர்சன் ஏரி. அந்தப் பகுதியில் ரேடான் வாயு இருக்கிறதா என்று பார்த்தார்கள். யுரேனியம் மெள்ள மெள்ளச் சிதையும்போது உண்டாகும் வாயு அது. துளையிடும் இயந்திரங்களை நிறுத்தித் துளைத்தார்கள். 2012 நவம்பரில் 22-வது எண் துளையில் யுரேனியம் அகப்பட்டது. அதுவும் தரையிலிருந்து 50, 60 மீட்டர் ஆழத்திலேயே!

இத்தனைக்கும் அந்த இடம் பெரிய நிறுவனங்கள் அதிகம் சீந்தாத இடம். சஸ்காட்செவான் யுரேனியத்துக்குப் பேர்போனது அதபாஸ்கா படுகை. உலகிலேயே மிகச் செறிவான யுரேனியம் கிடைக்கும் மெக்கார்தர் ரிவர், சிகார் லேக் சுரங்கங்கள் அதற்குள் இருக்கின்றன. பேட்டர்சன் ஏரியோ அந்தப் படுகையின் தென்மேற்கு விளிம்புக்கு வெளியே இருந்தது.

விற்பதற்கு எதுவுமில்லாத கம்பெனி

இந்த வேட்டையை நடத்தியது ஃபிஷன் என்ற சிறு நிறுவனம். பாதிப் பங்கு ஆல்ஃபா மினரல்ஸ் என்ற இன்னொரு சிறு நிறுவனத்துடையது. ஃபிஷனின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தேவ் ரந்தாவா. தேடலை முன்னின்று நடத்தியவர் நிலவியலாளர் ராஸ் மெக்எல்ராய். 2013 டிசம்பரில் ஆல்ஃபாவையே ஃபிஷன் யுரேனியம் வாங்கி, மொத்த இடத்தையும் தன் வசமாக்கிக்கொண்டது.

இப்படிப்பட்டவற்றை 'ஜூனியர்' கம்பெனிகள் என்கிறார்கள். இவற்றுக்குச் சுரங்கம் கிடையாது, ஆலை கிடையாது, விற்பதற்குப் பொருளும் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு நிலத்தைத் தோண்டிப் பார்க்கும் உரிமை, நான்கைந்து நிலவியலாளர்கள், பங்குச்சந்தையில் ஒரு பெயர். அவ்வளவுதான்.

அப்படியென்றால் செலவுக்குப் பணம்? புதுப் பங்குகளை அச்சடித்து விற்பதுதான் வழி. கனடாவில் இதற்கென்றே 'ஃப்ளோ-த்ரூ' என்று ஒரு வகைப் பங்கு உண்டு. தேடுதல் செலவுக்கான வரிச்சலுகையைக் கம்பெனி தான் எடுத்துக்கொள்ளாமல் பங்கு வாங்கியவருக்கு மாற்றிக் கொடுத்துவிடும். பணக்காரர்கள் வரியை மிச்சப்படுத்த வாங்குவார்கள். கம்பெனிக்குத் துளையிடப் பணம் வரும்.

ஒவ்வொரு முறை புதுப் பங்கு வரும்போதும், பழைய பங்குதாரரின் துண்டு சிறிதாகிறது. கேக் அதேதான், சாப்பிட வருகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள். அடுத்த துளையில் நல்ல செய்தி வந்தால் கேக் பெரிதாகும். வராவிட்டால் துண்டு மட்டும் சிறிதாகும். இப்படித் தேடப் புறப்பட்ட கம்பெனிகளில் பெரும்பாலானவை சுரங்கம் என்ற ஒன்றைப் பார்க்காமலேயே காணாமல்போகின்றன.

'முன்னேற்றம்' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

ஜூனியர் கம்பெனிகளின் அறிக்கைகளில் அடிக்கடி வரும் வார்த்தை, முன்னேற்றம். அதில் பல படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பணம் போடுகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முதல் படி, கருவி கத்துவது. துளையிட்டு எடுத்த பாறைத் தண்டை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, அதன்மேல் கதிர்வீச்சுக் கருவியை நகர்த்துவார்கள். 'கருவியின் அளவையே தாண்டிவிட்டது' என்று அன்றே அறிக்கை வரும். கருவியால் அதற்கு மேல் எண்ண முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு யுரேனியம் என்பதை அது சொல்லாது.

இரண்டாவது படி, ஆய்வக முடிவு. தண்டை அறுத்து, சஸ்கட்டூன் நகரில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, சதவிகிதம் தெரியக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கையிருப்பு மதிப்பீடு. நெருக்கமாகப் பல துளைகள் போட்ட பிறகே மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று கணக்கிட முடியும். பேட்டர்சன் ஏரியில் கிடைத்த படிவத்துக்கு 'ட்ரிபிள் ஆர்' என்று பெயர் வைத்தார்கள். 2015 ஜனவரியில் வந்த முதல் மதிப்பீட்டில் கிட்டத்தட்ட 8 கோடி பவுண்டு ஓரளவு உறுதியானது. அதற்கு மேல் சுமார் 2.6 கோடி பவுண்டு ஊகத்தின் அடிப்படையிலானது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால், இரண்டும் ஒன்றல்ல.

இப்படிப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் ஒரு பெரிய மோசடி இருக்கிறது. பிரி-எக்ஸ் என்ற கனடா கம்பெனி, இந்தோனேஷியாவின் புசாங்கில் மலைமலையாகத் தங்கம் இருப்பதாகச் சொன்னது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தைத் தூவியிருந்தது 1997-ல் அம்பலமானது. கோடிக்கணக்கான டாலர் ஆவியானது. அதன் பிறகுதான், தகுதியுள்ள நிலவியலாளர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்காமல் எந்தக் கையிருப்புக் கணக்கையும் வெளியிடக் கூடாது என்று 2001-ல் கனடா கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நான்காவது படி, இதைத் தோண்டி எடுத்தால் கட்டுப்படியாகுமா என்ற ஆய்வு. ஐந்தாவது, சுற்றுச்சூழல் அனுமதியும் உரிமமும். ஆறாவது, சுரங்கம் கட்டப் பணம். கடைசியில்தான் சுரங்கம்.

இந்தப் படிகள் எவ்வளவு செங்குத்தானவை என்பதற்கு, அதே ஏரியின் மறுபுறமே சாட்சி. அங்கே 2014 பிப்ரவரியில் நெக்ஸ்ஜென் என்ற இன்னொரு ஜூனியர் கம்பெனி 'ஏரோ' என்ற இன்னும் பெரிய படிவத்தைக் கண்டுபிடித்தது. சுரங்கம் கட்ட 130 கோடி கனடா டாலர் ஆகும் என்று 2021-ல் கணக்கிட்டார்கள். 2024-ல் அது 220 கோடியானது. மாகாண அரசின் சுற்றுச்சூழல் ஒப்புதல் 2023 நவம்பரில் வந்தது. மத்திய அணுசக்தி ஆணையத்தின் பொது விசாரணை தொடங்கவே 2025 நவம்பர் ஆகிவிட்டது. கண்டுபிடித்து 11 ஆண்டுகளுக்கும் மேல்!

விலை என்னும் ஊஞ்சல்

பாறைக்குள் இருக்கும் யுரேனியம் மாறுவதில்லை. வெளியே அதன் விலைதான் ஊஞ்சலாடுகிறது. 2007-ல் ஒரு பவுண்டு 130 அமெரிக்க டாலரைத் தாண்டியது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. நாடுகள் அணு உலைகளை மூட, 2016 இறுதியில் விலை 20 டாலருக்கும் கீழே விழுந்தது. மெக்கார்தர் ரிவர் போன்ற உலகத்தரச் சுரங்கத்தையே 2018-ல் நிறுத்தி வைத்தார்கள். பிறகு காற்று திரும்பி, 2024 ஜனவரியில் விலை 100 டாலரைத் தொட்டது.

ஃபிஷன் மிகச் சிறந்த கண்டுபிடிப்பை நிகழ்த்தியது இந்த வீழ்ச்சிக் காலத்தில்தான். 2016 ஜனவரியில் சீன அரசு நிறுவனமான சி.ஜி.என். அதில் கிட்டத்தட்ட 20 சதவிகிதப் பங்கை, ஒரு பங்கு 85 சென்ட் விலையில், சுமார் 8.2 கோடி கனடா டாலருக்கு வாங்கியது. 2024 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பாலடின் எனர்ஜி, ஃபிஷனை முழுமையாக வாங்குவதாக அறிவித்தது. மதிப்பு சுமார் 114 கோடி கனடா டாலர். ஒரு பங்குக்கு 1.30 டாலர். அதுவும் ரொக்கமாக அல்ல, பாலடின் பங்குகளாக. தேசியப் பாதுகாப்புக் கோணத்தில் கனடா அரசு ஆராய்ந்த பிறகு, டிசம்பரில் கைமாறியது.

114 கோடி என்றதும் வாய் பிளக்கிறோம். ஆனால், 2016-ல் 85 சென்ட்டுக்கு வாங்கியவருக்கு எட்டரை ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது 1.30. கூட்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 5 சதவிகிதம் சொச்சம். இத்தனைக்கும் இது ஜெயித்த கம்பெனி! விற்கப்பட்ட நாள்வரை அந்த ஏரிக்கு அடியிலிருந்து விற்பனைக்காக ஒரு கிலோ யுரேனியம்கூட வெளியே வந்திருக்கவில்லை.

ஏரிக்கரைக்காரர்கள்

கம்பெனிகளின் அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் வருகிறவர்கள், அந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள். பேட்டர்சன் ஏரிக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டரில் லா லோஷ் என்ற சிற்றூர். டெனே, மேட்டி பழங்குடி மக்களின் பூமி. மீன்பிடித்தும் மூஸ் மான் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள். வடக்கே போகும் 955-ம் எண் சாலை, 2002-ல் மூடப்பட்ட கிளஃப் லேக் யுரேனியச் சுரங்கத்தோடு முடிந்துவிடுகிறது. யுரேனியம் வருவதையும் போவதையும் ஒரு முறை பார்த்துவிட்டவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு வேலை வேண்டும். வேலையில்லாத ஊரில் பிள்ளைகள் தங்குவதில்லை. ஏரியும் வேண்டும், சுரங்கம் பத்திருபது ஆண்டுகளில் போய்விடும், ஏரி இருக்கும். அதனால்தான் கிளியர்வாட்டர் ரிவர் டெனே நேஷன் உள்ளிட்ட சமூகங்கள் நெக்ஸ்ஜென்னுடன் எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. வேலைவாய்ப்பு, வருமானத்தில் பங்கு, சுற்றுச்சூழலைக் கண்காணிக்கும் உரிமை எல்லாம் பேசி வாங்க வேண்டியிருந்தது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. அதே மாகாணத்தில், அதபாஸ்கா ஏரிக்கரையில் 1960-களில் மூடப்பட்ட கன்னார் யுரேனியச் சுரங்கத்தைச் சுத்தம் செய்ய முதலில் போட்ட கணக்கு சுமார் 2.5 கோடி கனடா டாலர். பிறகு அது பத்து மடங்குக்கும் மேல் எகிறியது. சுரங்கம் நடத்திய கம்பெனி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. பில் மக்களின் வரிப்பணத்துக்கு வந்தது.

சஸ்காட்செவான் யுரேனியம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. 2015 ஏப்ரலில் பிரதமர் மோடி கனடா போனபோது, கமேகோ நிறுவனத்திடமிருந்து ஐந்து ஆண்டுகளில் 71 லட்சம் பவுண்டு வாங்க ஒப்பந்தமானது. நம் வீட்டு மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரத்தில் அந்த மண்ணின் துளியும் கலந்திருக்கலாம்.

பங்கு டிப்ஸ் வந்தால்...

இன்று வெளிநாட்டுப் பங்கு வாங்கவும் செல்போன் போதும். 'அடுத்த யுரேனிய ராக்கெட்' என்று ஒரு வீடியோ வந்து விழும். அப்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். சொல்வது கருவி கத்திய செய்தியா, ஆய்வக முடிவா? கையிருப்பில் உறுதியானது எவ்வளவு, ஊகம் எவ்வளவு? சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு பங்குகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது? அனுமதி எந்தப் படியில் நிற்கிறது?

நான்குக்கும் விடை கம்பெனியின் அறிக்கையிலேயே இருக்கும். பெரும்பாலும் தலைப்பில் இருக்காது, உள்ளே தேட வேண்டும். ஒரு சிறு குழு பனிப்பாறை சிந்திய கற்களைத் தேடி மணலைத் தோண்டியது. பணம் போடுகிறவர் பத்துப் பக்க அறிக்கையையாவது தோண்டிப் பார்க்கலாமே!