கோல் காக்கும் உத்தியோகம்

குரோம்பேட்டை அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். அவருடைய பேரன் கனடா தேசத்தில், டொரான்டோ நகரில் வளர்கிறான். வயது பதின்மூன்று. பனிக்கட்டித் தரையின் மேல் சறுக்கிக்கொண்டு ஆடுகிறார்களே, அந்த ஹாக்கியில் கோல் கீப்பராக நிற்கிறானாம். நின்றால் பாதகமில்லை, பிற்காலத்தில் அதையே ஜீவனோபாயமாகக் கொள்ளப் போவதாகவும் சொல்கிறானாம். "கோல் போடுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது நியாயம். சும்மா நிற்கிறவனுக்குமா கொடுப்பார்கள்?" என்று கேட்கிறார் அன்பர்.

கொடுக்கிறார்கள், ஐயா. அந்த நாட்டில் தாராளமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் "சும்மா நிற்கிறவன்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பேரனுக்குத் தெரிய விட வேண்டாம். ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள ஒரு வாசலை அவன் காக்கிறான். அவனை நோக்கி வருவது பந்தன்று. கெட்டி ரப்பரால் செய்த ஒரு வில்லை. துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக அதை ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்து எடுத்து வருகிறார்கள். நல்ல ஆட்டக்காரர் கையில் அது மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் புறப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளை அதற்கு எதிரே போய், வேண்டுமென்றே, தன் உடம்பைக் கொடுக்கிறான்.

இத்தனை ஆபத்திலும் வெகு காலம் வரையில் அந்தத் தொழிலாளிகள் முகத்துக்குக் கவசம் இல்லாமலே நின்றார்கள் என்றால் நேயர்கள் நம்புவார்களா? 1959-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி நியூயார்க்கில் ஒரு பந்தயம். மாண்ட்ரியல் கோஷ்டியின் கோல் கீப்பர் ஜாக் பிளாண்ட் என்பவரின் மூக்கை எதிரி அடித்த வில்லை பிளந்துவிட்டது. உள்ளே அழைத்துப் போய்த் தையல் போட்டார்கள். "முகமூடி இல்லாமல் திரும்பப் போக மாட்டேன்" என்று பிளாண்ட் உட்கார்ந்துவிட்டார். பயிற்சியின்போது அவர் முகமூடி அணிவது வழக்கம். பந்தயத்தில் அணிவதுதான் கோஷ்டியின் பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொள்கிறவன் பயந்தவன் என்று ஜனங்கள் எண்ணிய காலம் அது. ஆனால் அந்நாளில் கோஷ்டிகள் இரண்டாவது கோல் கீப்பரைக் கூட அழைத்து வருவதில்லை. வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் இணங்கினார். முகமூடியுடன் பிளாண்ட் நின்றார். மாண்ட்ரியல் 3-1 கணக்கில் வென்றது. அதற்குப் பிறகு பயந்தவன் என்ற பேச்சு மெள்ள மெள்ள ஒழிந்தது. ஒரு மனிதர் மூக்கை உடைத்துக்கொண்ட பிறகே உலகத்துக்கு இவ்வளவு சின்ன விஷயம் புலப்பட்டது!

பனிக்கட்டி என்பது நமக்குச் சர்பத்தில் மிதக்கும் வஸ்து. தாம்பரத்துவாசிகள் மார்கழி மாதத்துக் காலையில் காதுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொள்வதோடு நம் பனி அநுபவம் முடிந்துவிடுகிறது. ஆனால் கோல் காக்கும் உத்தியோகம் நமக்குப் புதியதன்று. புல்தரை ஹாக்கி இந்தப் பக்கத்துக்குப் பழைய உறவு. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஹாக்கி மட்டை கிட்டத்தட்ட வீட்டுச் சாமான்களில் ஒன்றாக இருந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். இன்றைக்கும் தாம்பரத்தில் ஏறினால் சுமார் முக்கால் மணியில் எழும்பூரில் இறங்கி, மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் உலகத்தின் சிறந்த ஹாக்கியைப் பார்க்கலாம். ஆகவே அன்பரின் கேள்விக்குக் கனடாவிலிருந்து பதில் தேட வேண்டியதில்லை. நம் தேசத்துக் கோல் கீப்பர்களின் கதையே போதிய பதில் சொல்லும்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகத் தங்கப் பதக்கம் பெற்றது. ஐந்து பந்தயங்களில் 29 கோல்கள். தியான் சந்த் போட்டவை அவற்றில் 14 என்று பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்வான். அந்த ஐந்து பந்தயங்களிலும் இந்தியாவுக்கு எதிராக விழுந்த கோல்கள் எத்தனை? ஒன்றுகூட இல்லை. காத்து நின்றவர் ரிச்சர்டு ஆலன் என்னும் ஆங்கிலோ இந்தியர். இந்தப் பெயரை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவார்கள்? கோல் போடாதவன் பெயர் நினைவில் தங்காது; கோல் விட்டவன் பெயரோ மறக்காது. இந்தத் தொழிலின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம் மாத்திரமே உண்டு.

இதற்குச் சங்கர் லட்சுமணனைக் காட்டிலும் பெரிய சாட்சி வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்து மாவ் நகரில் பிறந்தவர். சிறு வயதில் படிப்பை விட்டு ராணுவ வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்தார். 1956-ல் மெல்போர்னிலும், 1960-ல் ரோமிலும், 1964-ல் டோக்கியோவிலும் நடந்த மூன்று ஒலிம்பிக் இறுதிப் பந்தயங்களிலும் இந்தியாவுக்காக நின்றவர் அவரே. மூன்றிலும் எதிரி பாகிஸ்தான். மெல்போர்னில் நாம் 1-0 கணக்கில் வென்றோம். அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா ஒரு கோலும் வாங்கவில்லை. டோக்கியோவிலும் 1-0 கணக்கில் வெற்றி. ரோமில் 0-1 கணக்கில் தோல்வி. ஆக, மூன்று இறுதிப் பந்தயங்களிலும் சேர்த்து அவரைத் தாண்டிப் போனது ஒரே ஒரு பந்து! அந்த ஒரு பந்தோடு 1928 முதல் நம்மிடம் இருந்த தங்கம் கைமாறிவிட்டது. தேசம் அதைப் பற்றியே பேசியது.

லட்சுமணன் நின்றபோது தலைக்கவசம் கிடையாது. மார்புக்கும் இக்காலத்துக் கவசங்கள் கிடையாது. காலில் கட்டிய பட்டைகளும், கையில் ஒரு மட்டையும், இரண்டு கண்களும்தான். 1966-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அவரே தலைவராகச் சென்று தங்கம் கொண்டுவந்தார். மறு வருஷம் பத்மஸ்ரீ விருது வந்தது. 1968 ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் கிடைக்கவில்லை, ஹாக்கியை விட்டுவிட்டார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று மாவ் நகரத்திலேயே வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் காலில் அழுகல் நோய் கண்டது. வசதியில்லாத நிலையில், 2006-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அவர் காலமானார். எத்தனை தேசத்தாரின் பந்துகளைத் தடுத்த கால் அது என்று எண்ணும்போது நமக்கு எழுதுகோல் ஓடவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களும் சொகுசு கண்டவர்கள் அல்லர். 1968-ல் மெக்ஸிகோவில் வெண்கலம் பெற்ற கோஷ்டியில் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த முனீர் சேட் கோல் கீப்பராக இருந்தார். 1972-ல் மியூனிக்கில் வெண்கலம் பெற்றபோது நின்றவர்களில் ஒருவர் கண்ணனூர்க்காரரான மானுவல் பிரெடரிக். கேரளத்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர் அவர். ஆனால் தியான் சந்த் பெயரால் அந்நாளில் வழங்கி வந்த விருது அவரை வந்தடைய 2019 ஆயிற்று, நாற்பத்தேழு வருஷம்! 2025 அக்டோபரில் அவர் மறைந்தார். 2009-ல் புனாவில் பல்ஜித் சிங் என்ற இளைஞருக்கு நேர்ந்ததோ இன்னும் கொடுமை. கண்ணின் வேகத்தைக் கூட்டுவதற்காகக் கோல்ஃப் பந்துகளைக் கொண்டு பயிற்சி அளித்தார்கள். ஒரு பந்து அவருடைய வலது கண்ணைத் தாக்கிற்று. அத்துடன் இந்தியாவுக்கு அவர் ஆடுவது நின்றது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "பேரனை உடனே வேறு வேலை பார்க்கச் சொல்லிவிடுகிறேன்" என்று அன்பர் எழுந்துவிட வேண்டாம். ஸ்ரீஜேஷின் கதையையும் கேட்டுவிட்டு எழுந்திருக்கட்டும்.

எர்ணாகுளத்துக்கு அருகே கிழக்கம்பலம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயியின் மகன். திருவனந்தபுரத்து விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது ஓட்டமும் தாண்டலும்தான் அவர் மனத்தில் இருந்தன. பயிற்சியாளர் ஒருவர் அவரைக் கோலுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். கோல் கீப்பரின் சட்டதிட்டங்கள் வேறு. சாமான்களின் விலையும் வேறு. மற்ற பையன்களுக்கு ஒரு மட்டை போதும். இவனுக்குக் கால் பட்டை, பாதக் கவசம், மார்புக் கவசம், கையுறை, தலைக்கவசம் என்று ஒரு சீர்வரிசையே வேண்டும். தகப்பனார் வீட்டுப் பசுவை விற்று வாங்கிக் கொடுத்தார். கறவைப் பசுவை விற்றுப் பிள்ளையின் விளையாட்டுக்குச் சாமான் வாங்குவதென்றால், அக்கம்பக்கத்தார் அன்றைக்கு என்னென்ன சொல்லியிருப்பார்கள்! நம் தெருவில் நடந்திருந்தால் நாமே சொல்லியிருப்போம்.

பசுவின் விலை உடனே திரும்பி வந்துவிடவில்லை. 2006-ல் இந்தியாவுக்கு முதலில் ஆடினார். அதன் பின் சில வருஷங்கள் உள்ளும் வெளியுமாகக் கழிந்தன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா எல்லாப் பந்தயங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடத்தில் வந்தது. அந்தக் கோஷ்டியில் அவரும் இருந்தார். 2014-ல் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானுடன் ஷூட் அவுட்டில் தடுத்து நின்று தங்கம் வாங்கிக் கொடுத்தார். 2017-ல் முழங்காலில் பலத்த காயம். பல மாதம் ஆட்டமில்லை. முப்பதை நெருங்கும் வயதில் முழங்கால் போனால் இனி அவ்வளவுதான் என்று சொல்லாதவர் யார்? 2021 ஆகஸ்டு 5-ந் தேதி டோக்கியோவில் ஜெர்மனியுடன் வெண்கலப் பந்தயம். இந்தியா 5-4 என்று முன்னே நிற்கிறது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கையில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அந்தப் பந்தைத் தடுத்தார். நாற்பத்தொரு வருஷத்துக்குப் பின் ஹாக்கியில் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. அன்று அவர் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதைத் தேசமே பார்த்தது. அவர் வேறெங்கே போய் உட்காருவார்? பதினைந்து வருஷமாக அவருடைய உத்தியோக ஸ்தலம் அதுதானே!

அவருடைய முந்நூறாவது பந்தயம் நம் எழும்பூரில்தான் நடந்தது. 2023 ஆகஸ்டு 11-ந் தேதி, ஜப்பானுக்கு எதிரே. இந்தியா ஐந்து கோல் போட்டது. ஜப்பான் ஒன்றும் போடவில்லை. பாரிஸில் 2024-ல் இரண்டாவது வெண்கலம் பெற்று, 336 பந்தயங்களோடு அவர் விலகினார்.

இந்தப் புகழுக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக் கோஷ்டியில் இடம் பதினாறு பேருக்கு. அதில் கோல் கீப்பர் ஒருவரே. டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் மாற்று ஆளாகப் போனவர் கிருஷன் பாட்டக். நல்ல திறமைசாலி, வேறு தேசத்தில் பிறந்திருந்தால் முதல் ஆளாகவே நின்றிருக்கக் கூடியவர். முன்வரிசை ஆட்டக்காரன் களைத்தால் சில நிமிஷங்களில் மாற்றுவார்கள். ஆகையால் நாலைந்து பேருக்கு இடமுண்டு. கோலுக்கு முன்னே நிற்பவனை அப்படி மாற்றுவதில்லை. ஒருவர் நன்றாயிருக்கும் வரையில் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். சிலர் காத்திருந்தே வயதாகிவிடுகிறார்கள். பேரனை அனுப்பும் குடும்பத்தார் அடிபடுவதை எண்ணிப் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இந்தக் காத்திருப்புக்கே என்பது நம் அபிப்பிராயம். காயம் ஆறிவிடும்.

சம்பளம் என்ன என்றால், நம் நாட்டில் ஹாக்கிக்காரருக்குச் சோறு போட்டது நெடுங்காலமாக ரயில்வேயும், ராணுவமும், போலீஸும், வங்கிகளும், எண்ணெய்க் கம்பெனிகளும்தான். ஆட்டத்துக்கென்றே ஏலம் போட்டு ஆள் எடுக்கும் ஹாக்கி இந்தியா லீக் 2013-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2024 முடிவில் மறுபடி நடந்தது. அதற்கான ஏலத்தில் அதிகபட்ச விலை ஹர்மன்பிரீத் சிங்குக்கு, 78 லட்சம் ரூபாய். அவர் பெனால்டி கார்னரில் கோல் போடுவதில் சமர்த்தர். நம் தமிழ்நாட்டுக் கோஷ்டி அயர்லாந்துக் கோல் கீப்பர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கு எடுத்தது. போடுகிறவனுக்கும் தடுக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் இந்த அளவில் இருக்கிறது. ஆனால் சங்கர் லட்சுமணன் காலத்தில் இரண்டு பேருக்குமே ஒன்றுமில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாலிபர்களுக்கான உலகக் கோப்பைப் பந்தயங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. இந்திய வாலிபர்களுக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஸ்ரீஜேஷ். டிசம்பர் 5-ந் தேதி எழும்பூரில் பெல்ஜியத்துடன் கால் இறுதி. ஆட்டம் 2-2 என்று நின்று ஷூட் அவுட்டுக்குப் போயிற்று. எதிரி ஒருவன் பந்தோடு தனியே ஓடி வருவான், எட்டு விநாடி, கோல் கீப்பருக்குத் துணை யாருமில்லை. இந்தியக் கோலில் நின்ற பிரின்ஸ்தீப் சிங் தடுத்துத் தந்த இடத்தில் இந்தியா 4-3 என்று வென்றது. அரை இறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று முறியடித்தது உண்மைதான். மூன்றாவது இடத்துக்கான பந்தயத்தில் அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னே போய்விட்டது. கடைசிக் கால்பகுதியில் நம் பிள்ளைகள் நாலு கோல் போட்டு வெண்கலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்ரீஜேஷ் அணிந்த 16-ஆம் எண் சட்டையை இனி இந்தியாவின் பெரியவர்கள் கோஷ்டியில் எவருக்கும் கொடுப்பதில்லை என்று 2024-ல் ஹாக்கி இந்தியா தீர்மானித்தது. வாலிபர் கோஷ்டிக்கு அந்தத் தடை இல்லை. அங்கே அந்தச் சட்டையை இன்னொரு பையன் போட்டுக்கொள்ளலாம் என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள்.