சோறிடும் முறையும் மருந்தே

எமது பகுதியிலுள்ள நீரிழிவுக் கிளினிக் ஒன்றிலிருந்து, நாம் நன்கறிந்த மூதாட்டி ஒருவர் கண்ணீரோடு வீடு திரும்பினார். சோற்றைக் குறைக்குமாறு பலமுறை சொல்லியும் கேளாதவர் என்று, அங்கே கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் கண்டிக்கப்பட்டிருந்தார். அம்மூதாட்டியின் கட்டிலுக்குக் கீழே எந்நாளும் இரண்டு மூடை அரிசி இருக்கும். ஒன்று தீருமுன் அடுத்தது வந்துவிடும். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை வன்னியில் கழித்தவர் அவர். இதனை அக்கிளினிக்கில் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஓர் இடத்தையோ ஒரு தாதியையோ குற்றஞ் சாட்டுவது எமது நோக்கமன்று. காலை முழுவதும் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்க வேண்டியவர்களின் களைப்பை நாம் அறிவோம். ஆயினும் நோயாளியின் எடையை எழுதுகின்றோம், இரத்த அழுத்தத்தை எழுதுகின்றோம், அவர் பட்டினி கிடந்த காலத்தை மட்டும் எழுதாது விடுகின்றோம். பட்டினி கிடந்தவனுக்கும் பயத்தோடு உண்டவனுக்கும் உணவைப் பற்றி அறிவுரை கூறுவது, வயிறார உண்டு வளர்ந்தவனுக்குக் கூறுவது போன்றதாகுமா?

முள்ளிவாய்க்காலை நோக்கி ஒதுக்கப்பட்ட எம்மக்கள் உப்பும் அரிசியும் கலந்த கஞ்சியைக் குடித்து உயிர் தாங்கினர். 2009 ஏப்பிரல் 8ஆம் நாள் அம்பலவன் பொக்கணையில், பிள்ளைகளுக்குப் பால்மா வாங்குவதற்காக வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் ஷெல் வீச்சுக்கு இலக்காயினர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. அதன் பின்னர் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் மீண்டும் வரிசை: தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை. அந்த வரிசைகளில் நின்ற ஒருத்தியை இன்று மருந்துக்கென மற்றொரு வரிசையில் நிறுத்தி, எல்லோரும் கேட்க அதட்டுகின்றோம். அவள் மறுமுறை வராது நின்றுவிட்டால் அதனை அறியாமை என்று சொல்லிவிடுகின்றோம்!

இவை வெறும் மனவுணர்ச்சிகள் அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர், 1944, 1945ஆம் ஆண்டுகளில், தாமாக முன்வந்த 36 இளைஞர்களைக் கொண்டு பட்டினியை ஆராய்ந்தார். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைவயிற்று உணவில் வாழ்ந்த அவ்விளைஞர்கள் உடல் மட்டுமா மெலிந்தனர்? மனம் சோர்ந்தது, சிறு காரியத்துக்கும் சினந்தனர், இரவும் பகலும் உணவே நினைவாயினர், கோப்பையைக் கையால் மறைத்து உண்டனர். உணவு தாராளமாகக் கிடைத்த பின்பும் சிலருக்கு நெடுநாள் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. குண்டு விழாத நாட்டில், முடிவு நாள் முன்கூட்டியே தெரிந்த பட்டினி செய்த வேலை இது. மணிமேகலைக் காவியத்தில் காயசண்டிகை என்பாளுக்கு யானைத்தீ என்னும் அடங்காப் பசி இருந்ததாகச் சொல்லப்படுகின்றது. அதனைக் கற்பனை என்று தள்ளியவர்கள் கீஸ் கண்ட முடிவுகளைப் படித்தால் சற்று யோசிப்பர்.

மற்றொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944, 1945இல், ஒல்லாந்து மக்கள் பட்டினி கிடந்தனர். அப்போது தாய் வயிற்றிலிருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தமை தெரியவந்தது. 2009இல் பதுங்கு குழிகளில் கருவுற்றிருந்த எம் தாய்மாரின் பிள்ளைகளுக்கு யார் இக்கணக்கை வைத்திருக்கிறார்கள்? ஓயாத அச்சமும் உறக்கமின்மையும் இரத்தத்தில் சீனியை உயர்த்தும் என்பதை வைத்தியர்கள் அறிவர். எனவே சோற்றின் அளவை மட்டும் பேசி அச்சத்தைப் பேசாது விடுவது அரை வைத்தியமே.

செய்யவேண்டியது பெருஞ் செலவுள்ள காரியமன்று. உணவு பற்றிய பேச்சு தனியிடத்தில், இருவரும் உட்கார்ந்து நடக்கட்டும். எடையைப் பலர் கேட்கக் கூவ வேண்டாம். நடந்ததையெல்லாம் சொல் என்று நோயாளியைத் துருவவும் வேண்டாம். ஆறாத புண்ணைக் கிளறுவது வைத்தியமாகாது. வீட்டில் என்ன இருக்கிறது, எதை உண்ண முடிகிறது, எதைக் கண்டால் மனம் புரளுகிறது என்று கேட்டாலே போதும். முகாமில் மாதக்கணக்காக உண்ட பருப்பை இன்று வாயில் வைக்க மாட்டாதவர்கள் உளர். அவர்களிடம் பருப்பின் புரதச் சத்தை விளக்கிக்கொண்டிராமல், பயறு, மீன், முட்டை என்று வேறு வழி சொல்லலாம். அரிசி மூடையை எடுத்தெறி என்னாது, அது அங்கேயே இருக்கட்டும், கோப்பையில் சோற்றைக் குறைத்து முருங்கை இலையையும் மரக்கறியையும் கூட்டிப் பாருங்கள் அம்மா என்று சொல்லலாம். வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இப்பயிற்சியை முதலிற் கொடுத்தல் வேண்டும். அடுப்படி வரை செல்லும் உரிமை அவர்களுக்கே உண்டு.

இதனை மானிப்பாயிலிருந்து சொல்வதற்கு எமக்கொரு நியாயம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் இவ்வூரிலேயே இருந்து, தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் இங்கே நிற்கின்றது. நோயாளியின் மொழியை வைத்தியன் கற்க வேண்டும் என்று அன்றே கண்டவர் அவர். இன்று நோயாளியின் மொழியில் பட்டினியும் போரும் கலந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இச்சமூகத்தின் மனவடுக்களைப் பற்றிப் பல்லாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். அவ்வெழுத்து உளநலப் பிரிவின் வாசலோடு நின்றுவிடாமல் சமையற்கூடத்துக்கும் நீரிழிவுக் கிளினிக்குக்கும் வந்து சேரவேண்டும்.

விவசாயிகளாகிய வாசகர்கள் இது வைத்தியர்களின் விடயம் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்கு மேலாக மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் வாழ்ந்தனர். செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் விளைத்தவன், மயிலிட்டிக் கடலில் மீன் பிடித்தவன், நிவாரண அட்டையோடு சங்கக் கடையில் நின்றான். தன் தோட்டத்துக் கிழங்கைத் தன் அடுப்பில் அவித்துத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதிலுள்ள ஆறுதலை எந்த நிவாரணமும் தரவில்லை. இன்றும் அங்கே விடுவிக்கப்படாத காணிகள் உள்ளன. அவற்றைக் கேட்கும்போது பொருளாதாரத்தின் பெயரால் மட்டுமன்றி, உடல்நலத்தின் பெயராலும் கேட்போமாக.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல். ஆண்டுதோறும் மே மாதத்தில் எம்மக்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் காய்ச்சித் தெருவோரத்தில் வழங்குகின்றனர். அச்சத்தோடு குடித்ததை அச்சமின்றி, அயலவரோடு சேர்ந்து குடிக்கும் ஒரு நாள் அது. எந்த உளமருத்துவரும் இதனினும் சிறந்ததோர் வழியை எளிதில் வகுத்துவிட முடியாது. 2024 மே மாதத்தில் சம்பூரில் அக்கஞ்சியை வழங்கியமைக்காகப் பெண்கள் உட்பட நால்வரைப் பொலிஸார் கைது செய்தனர். ஒரு சிரட்டைக் கஞ்சியால் நாட்டுக்கு என்ன கேடு வந்தது என்பதை அரசாங்கம் இதுவரை எமக்கு விளக்கவில்லை.