மாதம் 30% வட்டியா? பணம் போடும் முன் தட்டிப் பாருங்க!

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து வரும் பொருள் நல்லதா, விரிசல் விட்டதா என்று தெரிய, தட்டிப் பார்த்தாலே போதும். சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அங்கே உழைத்துச் சேர்த்த காசை ஒரு நிதி நிறுவனத்தில் போடும்போது மட்டும் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. "மச்சான் போட்டிருக்கார், மாசாமாசம் வட்டி வருதே" என்பதுதான் ஒரே ஆய்வு.

ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் நடந்தது என்ன?

மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி வசூலித்ததாக இந்நிறுவனம் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. 2022 மே மாதம் சோதனை நடந்தது. அதே ஆண்டில் வேலூர் ஐஎஃப்எஸ், ஹிஜாவு நிறுவனங்களும் வழக்கில் சிக்கின.

எப்படித் தட்டிப் பார்ப்பது?

கணக்கு ரொம்ப சிம்பிள். வங்கி அல்லாத நிதி நிறுவனம் டெபாசிட்டுக்குத் தரக்கூடிய வட்டிக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 12.5 சதவீதம். அதாவது 1 லட்சத்துக்கு வருஷம் ரூ.12,500. ஒருவர் மாதமே ரூ.30,000 தருகிறேன் என்றால், எந்தத் தொழிலில் அவ்வளவு லாபம்? பெரும்பாலும் அடுத்து வருபவரின் பணம்தான் முன்னவருக்கு வட்டியாகப் போகும். புது ஆள் வருவது நின்றால் எல்லாமே நின்றுவிடும். நிறுவனத்துக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம்.

சட்டம் என்ன செய்யும்?

தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, பணத்தைப் பிரித்துத் தரலாம். ஆனால் வட்டியாகப் போன காசு முடக்கிய சொத்தில் இருக்காது. மிச்சம் இருப்பதைத்தான் பங்கு போட முடியும். அதற்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

யார் மீது தவறு?

"பேராசைக்காரர்கள்" என்று ஏமாந்தவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் வட்டி வரும் வரை யாரும் புகார் தர மாட்டார்கள். தந்தால் தங்கள் பணமே முடங்கிவிடும் என்ற பயம். எனவே புகாருக்காகக் காத்திருந்தால் அரசு எப்போதும் தாமதமாகத்தான் வரும். முதலீட்டாளர்களை ஏமாற்றும் நோக்கம் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், புகார் இல்லாமலேயே சொத்தை முடக்க 1997 சட்டத்தில் வழி இருக்கிறது. ஊரறிய மாதம் 30 சதவீதம் என்று கூவி அழைப்பதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

மக்கள் தட்டிப் பார்க்கட்டும். அதற்கு முன்னால், சத்தம் கேட்கும் இடத்தில் இருக்கும் அரசும் காதைத் திறக்கட்டும்.