விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு லென்ஸ்

உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய காமிரா தூங்கிக் கொண்டிருக்கிறதா? இருந்தால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு இந்த வாரப் பக்கத்தைப் படிக்க உட்காராதீர்கள். பால் பொங்கிப் போனால் நான் பொறுப்பல்ல.

எங்கள் வீட்டில் தூங்கிக் கொண்டிருந்தது என் மாமனாருடைய லைக்கா. மூன்று எஃப் என்று பெயர். 1950 முதல் 1957 வரை ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்தில் செய்த ரகம். அவர் காலமான பிறகு பல வருஷங்கள் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் சகல மரியாதைகளுடன் கிடந்தது. அதை நான் வெளியே எடுத்ததற்குக் காரணம் என் அத்தை, அதாவது என் மாமியார்.

அத்தைக்கு வயது எண்பத்தாறு. இரண்டு கண்களிலும் புரை எடுத்தாகிவிட்டது. பளிச்சென்று பிளாஷ் அடித்தால் கண்கள் தாமாகவே மூடிக் கொள்கின்றன. பத்து வருஷத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அத்தை தூங்குகிறார்! ஒரு நாள் சாப்பிடும்போது சாவதானமாகச் சொன்னார்: "என் படத்துக்கு நீங்கள் மாலை போடறபோதாவது நான் கண்ணைத் திறந்துண்டு இருக்க வேண்டாமா?"

யாரும் பேசவில்லை. என் கணவர் மோரை இரண்டு தடவை ஊற்றிக் கொண்டார்.

"இந்தக் காலத்தில் டெலிபோனிலேயே எடுத்து விடலாமே!" என்பீர்கள். எடுத்தோம். அதை முகத்துக்கு நேரே நீட்டியதும் அத்தை பரீட்சைக்கு வந்த பெண்ணைப் போல விறைத்துக் கொள்கிறார். "அவர் காமிராவிலே எடேன், எனக்கு அது பழக்கம்" என்றார். அதுவும், சாயங்காலம் குத்துவிளக்கு ஏற்றி அதன் எதிரில் உட்காரும் வேளையில்தான் எடுக்க வேண்டுமாம்.

இங்கேதான் சிக்கல். மாமனாருடைய லென்ஸ் எல்மார், எஃப் 3.5. இந்த எண் என்ன என்று பயப்பட வேண்டாம். லென்ஸின் குவிய நீளத்தை அதன் துவாரத்தின் குறுக்களவால் வகுத்தால் வருவதே இந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 3.5 என்றால் துவாரம் சுமார் 14 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. எஃப் 1.5 என்றால் 33 மில்லிமீட்டர். உள்ளே வரும் வெளிச்சம் ஐந்து மடங்குக்கும் மேல். விளக்கு வெளிச்சத்தில் 400 வேகமுள்ள பிலிமைப் போட்டால், எல்மாருக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் அத்தை தலையை ஆட்டி விடுவார். என் கையும் ஆடிவிடும். எஃப் 1.5 லென்ஸுக்கு 30ல் ஒரு பங்கு போதும். எண் சிறுத்தால் லென்ஸ் பெருக்கும், விலையும் அப்படியே.

இப்படி இருட்டில் எடுக்க வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. டிரெஸ்டன் நகரில் லுட்விக் பெர்டெலே என்ற இளைஞர் எஃப் 2 அளவுள்ள எர்னோஸ்டார் லென்ஸை உருவாக்கினார். அது 1924ல் எர்மனாக்ஸ் என்ற சின்னக் காமிராவில் வந்தது. அந்தக் காமிராவை வைத்துக் கொண்டுதான் எரிக் ஸாலமன் என்பவர் நீதிமன்றங்களிலும் ராஜதந்திரிகளின் மகாநாடுகளிலும் பிளாஷ் இல்லாமல் படம் பிடித்தார். (அந்த மனிதர் யூதர், 1944ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் படங்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.) பெர்டெலே அதோடு நிற்கவில்லை. 1932ல் கான்டாக்ஸ் காமிராவுக்காக ஸோனார் எஃப் 1.5 லென்ஸைச் செய்தார். ஏழு கண்ணாடிகள், ஆனால் ஒட்டி ஒட்டி மூன்றே தொகுதிகள். கண்ணாடியின் மேல் பூச்சுப் பூசத் தெரியாத காலம் அது. காற்றுப்படும் பரப்பு குறைந்தால் ஒளிச் சிதறலும் குறையும் அல்லவா? அதுதான் சூட்சுமம்.

யுத்தம் முடிந்ததும் அந்த வித்தை நாலு திசையிலும் பரவியது. ருஷ்யர்கள் நஷ்ட ஈடாகக் கொண்டுபோன வரைபடங்களிலிருந்து ஜூபிடர் லென்ஸ்களைச் செய்தார்கள். ஜப்பானில் நிக்கான் கம்பெனியார் ஸோனார் ரகத்தில் எஃப் 1.4 வரை போனார்கள். டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் 1950ல் ஜப்பானிய லென்ஸ்களைத் தம் லைக்காவில் மாட்டிக் கொண்டு கொரியாவுக்குப் போனார். ஜெர்மன் லென்ஸ் தவிர மற்றதெல்லாம் மட்டம் என்ற எண்ணம் அப்போதுதான் ஆட்டம் கண்டது.

லைக்காவின் திருகு 39 மில்லிமீட்டர் அகலம். பல தேசத்தார் அதே திருகைப் பின்பற்றியதால் ஒன்றின் லென்ஸ் இன்னொன்றுக்குப் பொருந்தும். 1954ல் வந்த லைக்கா எம் 3 திருகை விட்டுவிட்டு வேறு பிடிப்புக்கு மாறியது. அதற்கும் சரியாக ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையம் ஒன்று உண்டு. அதைப் போட்டால் பழைய திருகு லென்ஸ்கள் எல்லாம் சேரும்.

"திருகு பொருந்தினால் போதும்" என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன். பழைய சாமான் விற்கும் ஒருவர், 'எஃப் 2, 39 திருகு, கண்ணாடி மாசு மறுவில்லை' என்று எழுதியிருந்தார். பணம் அனுப்பினேன். வந்தது. அல்வாத் துண்டு போல வழுக்கிக் கொண்டு காமிராவில் ஏறியது. முப்பத்தாறு படம் எடுத்தேன். முப்பத்தாறும் மார்கழி மூட்டம்! விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது ஸெனிட் என்ற ரிஃப்ளெக்ஸ் காமிராவின் லென்ஸ் என்று. திருகு ஒன்றுதான், ஆனால் அது பிலிமிலிருந்து 45.2 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டிய லென்ஸ். லைக்காவில் அந்தத் தூரம் 28.8தான். எப்படித் திருப்பினாலும் கூர்மை வராது. விற்றவரோ, "திருகு பொருந்தியதா இல்லையா?" என்று கேட்டு முடித்துக் கொண்டார். ஆகவே, சகோதரிகளே, வாங்கும் முன் லென்ஸின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரேஞ்ச்பைண்டர் காமிராவுக்குள்ளே ஒரு சின்ன நெம்பு உண்டு. லென்ஸின் பின்னால் உள்ள வளையம் அதைத் தள்ளினால்தான் ஜன்னலில் தெரியும் இரண்டு உருவங்களும் ஒன்று சேரும். அந்த வளையம் இல்லாத லென்ஸ் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது தடவை வாங்கியது ஜூபிடர் 3, எஃப் 1.5. லெய்ட்ஸ் கம்பெனியின் ஸம்மரிட்டும் பார்த்தேன். முன் கண்ணாடிப் பூச்சு மிருதுவானதால் பெரும்பாலும் துடைத்துத் துடைத்துக் கீறியிருக்கிறார்கள். 1957ல் வந்த கானன் எஃப் 1.4 உறுதியான சாமான். கையில் காசு இருப்பவர்கள் கண்ணை மூடிக் கொண்டு அதை வாங்கலாம். கானனின் எஃப் 0.95, 1961ல் வந்தது, பிரசித்தமானதுதான். ஆனால் அது கானன் 7 காமிராவின் தனிப் பிடிப்பில் உட்காருவது. லைக்காவுக்கு வேண்டுமென்றால் அறுத்துச் செதுக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் தடவை உஷாராக இருந்தேன். டார்ச் விளக்கை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்த்தேன். சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் பூஞ்சைக் காளான்; நம் சென்னைப் புழுக்கத்தில் இதுதான் முதல் எதிரி. லேசாக இருந்தால் துடைக்கலாம். கண்ணாடியை அரித்துவிட்டால் தழும்பு போகாது. பாலாடை போல மங்கல் இருந்தால் வெளிச்சம் படும்போது படம் முழுவதும் வெளுக்கும். முன்னால் இரண்டு கீறல் இருந்தால் பரவாயில்லை. பின் கண்ணாடியில் இருந்தால் வேண்டாம். பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். ருஷ்ய லென்ஸில் ஜெர்மன் பெயரைப் பொறித்து விற்பது பழைய தந்திரம்.

இத்தனை பார்த்தும் ஒரு வில்லங்கம் இருந்தது. ஜூபிடர் 52.4 மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. லைக்காவின் ரேஞ்ச்பைண்டரோ 51.6 மில்லிமீட்டர் கணக்கு. தூரத்தில் கோபுரம் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டர் தூரத்தில், அத்தையின் மூக்குத்தியில் குறி வைத்தால், கூர்மை சுமார் மூன்று சென்டிமீட்டர் பின்னால் தள்ளிக் கன்னத்தில் போய் உட்காருகிறது. எஃப் 1.5ல் அந்தத் தூரத்தில் தெளிவாக விழும் ஆழமே மூன்றரை சென்டிமீட்டர்தான்!

இதை நீங்களே பரிசோதிக்கலாம். தையல் நாடாவை மேஜைமேல் உங்களை விட்டு விலகிப் போகும்படி நீட்டி ஒட்டுங்கள். முப்பது என்ற எண்ணில் குறி வைத்துத் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுங்கள். எனக்கு முப்பத்து மூன்று பளிச்சென்று விழுந்தது. பிள்ளையின் டிஜிட்டல் காமிராவில் வளையம் போட்டு மாட்டிப் பார்த்தால் கண்ணாடியின் குணம் தெரியும். ரேஞ்ச்பைண்டரோடு ஒத்துப்போகிறதா என்பது தெரியாது. அதற்குப் பிலிம்தான் வேண்டும்.

காமிரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பரிகாரம் செய்தார். கண்ணாடித் தொகுதிக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள மெல்லிய வளையத்தை எடுத்துவிட்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் கூடுதலான வளையத்தைப் போட்டார். இப்போது கிட்டத்தில் சரி. "தூரத்திலே எடுக்கறப்போ துவாரத்தைச் சுருக்கிக்கோங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, மறந்துவிடப் போகிறேன். இந்தக் காமிராவின் ஷட்டர் துணி. பெரிய லென்ஸை மூடி போடாமல் சூரியனுக்கு நேரே காட்டினால், பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல் துணியில் பொட்டு விழும். தோல் உறையிலும் போட்டு வைக்க வேண்டாம், ஈரத்தை இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அத்தை ஐந்து திரியும் ஏற்றினார். பிலிமின் நாக்கை நீளமாகக் கத்தரித்துக் காமிராவின் அடி வழியே ஏற்றினேன். எட்டு படங்கள். அத்தைக்கு நான் எடுப்பதே மறந்து போயிற்று. திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தார்.

பிரதி வந்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகு நேரம் பார்த்தார். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. இரண்டிலும் இரண்டு சுடர்.

"கண் சரியா விழுந்திருக்கு" என்றார். பிறகு படத்தை விளக்கடியில் கொண்டுபோனார். "ஆமாம், வைரத் தோடு ஏன் இப்படிக் கலங்கியிருக்கு? அவர் எடுத்தால் தோடும் தெரியுமே!"

நாளைக் காலையில் பழைய எல்மாரை மாட்டி, மொட்டை மாடி வெயிலில் மறுபடி எடுக்கிறேன் என்று ஒப்புக் கொண்டிருக்கிறேன்.