மனைக்கும் ஒரு மட்டம் வேண்டும்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வட்டாரத்தில் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். மனை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “ரோட்டிலிருந்து எத்தனை அடி தூக்கலாம்?” என்பதுதான். பக்கத்து வீடு மூன்றடி என்றால் இவருக்கு நாலடி வேண்டும். லாரி லாரியாகக் கிராவல் கொட்டி இறுக்கி, அதன்மேல் பேஸ்மட்டம் எழுப்புகிறோம். அந்த மனையில் தேங்கிவந்த மழைநீர், முன்பே கடன் வாங்கிக் கட்டியவரின் கூடத்துக்குள் போகிறது.

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூர் மூழ்கியதற்கும் பலர் செம்பரம்பாக்கம் ஏரியையே காரணம் சொன்னார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது முடிச்சூரைத் தாண்டி, திருநீர்மலை அருகே. இங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். கலங்கல் வழிந்தால் முன்பெல்லாம் வயல்களில் பரவி, மெல்ல ஆற்றுக்கு இறங்கும். அந்த வயல்களைத்தான் மண்ணடித்து மனைகளாக்கியிருக்கிறோம்.

அப்ரூவல் மனை என்றால் அச்சமில்லை என்று மக்கள் நம்புகிறார்கள். ஆனால் வாங்குபவர் கொண்டுவந்து காட்டும் மனை வரைபடத்தில் நீளம், அகலம், சாலை, பூங்கா எல்லாம் இருக்கின்றன. உயரத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. தண்ணீருக்குத் தேவையான கணக்கு அதுதான்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சாலை உயர்ந்தால் வீடு தாழும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது. மனை உயர்ந்தாலும் அதே கதிதானே?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே சாலை மட்டத்தையும், மனையை எதுவரை உயர்த்தலாம் என்பதையும் வரைபடத்தில் எழுத வேண்டும். ஏரியின் உபரிநீர் ஓடும் போக்குக்காலை அளந்து இரு கரையிலும் கல் நட வேண்டும். அளவை மீறி மண் நிரப்பிய கட்டடத்துக்கு மின் இணைப்புத் தரக் கூடாது. மிகத் தாழ்ந்த இடங்களில் மண் நிரப்பாமல் தூண்கள்மேல் வீடு கட்டச் சொல்லலாம். வெள்ளம் அடியில் ஓடிவிடும். செலவு கூடும்தான். ஆனால் அது கட்டுகிறவரின் செலவு. இன்று அந்தச் சுமையைப் பக்கத்து வீட்டுக்காரர் சுமக்கிறார்.

ஒருவருக்கொருவர் போட்டி போட்டு மண்ணடிப்பதை எந்த மேஸ்திரியாலும் நிறுத்த முடியாது. நான் மறுத்தால் அடுத்தவர் செய்துகொடுப்பார். எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதியை அரசுதான் போட முடியும். புறநகரில் இன்னும் மிச்சமிருக்கும் வயல்கள் மனையாகும் முன்பே அதைப் போட வேண்டும்.