சிரிக்க வைத்தவரின் கூலி



ஜே.பி. சந்திரபாபு என்ற பெயரைச் சொன்னால் நம் பெரியவர்களின் முகத்தில் இன்றும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். இலங்கை வானொலியில் அவர் குரல் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்த தலைமுறை அது. வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து இந்தப் படுவான்கரைக்கு வந்த குடும்பங்கள், தகரப் பெட்டியோடும் மூட்டையோடும் அந்தப் பாட்டுகளையும் சேர்த்தே கொண்டுவந்தன. இன்று வாவியின் இரு கரையிலும் கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் அவை ஒலிக்கின்றன. பாடியவர் யார் என்று தெரியாமலே பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

தொழிற்சங்க இதழில் சினிமாக்காரருக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். இடம் உண்டு என்பதே நம் கருத்து. சந்திரபாபுவும் உடம்பை உழைத்துக் கூலி வாங்கியவர்தான். அவருடைய வாழ்க்கை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. திறமை ஒரு மனிதரை மேலே தூக்கும். விழும்போது தாங்கிப் பிடிக்க அதற்குக் கை இல்லை. தாங்கிப் பிடிப்பது சட்டமும் சங்கமும்தான்.

அவர் 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். கத்தோலிக்கப் பரதவர் குடும்பம். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிக்ஸ். தகப்பனார் சுதந்திரப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்கார அரசு பத்திரிகையைப் பறித்தது, அவரையும் சிறையில் வைத்தது. பிறகு குடும்பம் கடல் கடந்து கொழும்புக்கு வந்தது. நம் பாட்டன்மார் மண்டபம் முகாமில் அடைபட்டுத் தலைமன்னார் வழியாக வந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்தது பசி, அந்தக் குடும்பத்தைக் கொண்டுவந்தது அரசியல். இரண்டு கூட்டத்தையும் விரட்டிய ஆட்சி ஒன்றே.

ஆகவே சந்திரபாபு வளர்ந்ததும் படித்ததும் நம் நாட்டில். 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பும் வரை கொழும்புதான் அவருடைய ஊர். அதே காலத்தில் இன்னொரு பத்திரிகைக்காரர் தோட்டம் தோட்டமாக நடந்துகொண்டிருந்தார். அவர் கோ. நடேசய்யர், தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலில் சங்கம் கட்டியவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். மேடையில் பேச்சுக்கு நிற்காத கூட்டம் அந்த அம்மாளின் பாட்டுக்கு நின்றது என்பார்கள். நம் இயக்கம் பிறந்த வீட்டில் பாட்டும் கூடவே பிறந்திருக்கிறது. பாட்டுக்காரரை வேறு ஆளாகப் பார்க்க நமக்கு நியாயமில்லை.

சென்னைக்குப் போன இளைஞருக்கு ஆடத் தெரியும், பாடத் தெரியும், ஆங்கிலம் தெரியும், மேல்நாட்டு இசையும் தெரியும். ஆனால் கதவு திறக்கவில்லை. 1947இல் ‘தன அமராவதி’ படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஸ்டூடியோ வாசல்களில் நின்றதுதான் மிச்சம். பெரட்டுக்களத்தில் நின்றும் பெயர் கூப்பிடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த நிற்பு எப்படி இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். காப்பாற்றிய பிறகு வழக்கும் போட்டார்கள். நீதிமன்றத்தில் அவர் ஒரு தீக்குச்சியை உரசித் தன் விரலைச் சுட்டுக்கொண்டார் என்றும், நான் சுட்டுக்கொண்டதை நீங்கள் பார்க்கலாம், அந்தச் சூட்டை நீங்கள் உணர முடியாது என்ற பொருளில் பேசினார் என்றும் சொல்வார்கள். வேலை கேட்டு அலைந்த எந்த மனிதருக்கும் அந்தச் சூடு புரியும். உயிரோடு மீண்டதால்தான் அதற்குப் பிறகு வந்த அத்தனையும் நமக்குக் கிடைத்தது.

வந்தது கொஞ்சமில்லை. 1954இல் ‘பெண்’ படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடினார். ‘குலேபகாவலி’ (1955), ‘புதையல்’ (1957), ‘நாடோடி மன்னன்’ (1958), ‘மரகதம்’ (1959) என்று படங்கள் அடுத்தடுத்து வந்தன. குரலை ஒரே நொடியில் உடைத்து உச்சிக்கு ஏற்றி, அடுத்த நொடியில் இறக்கும் யோடலிங் என்ற மேல்நாட்டு முறையைத் தமிழ்ப் படப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவரே. அவருடைய உச்சரிப்பைக் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு வேகத்திலும் ஒரு எழுத்துச் சிதையாது. ஆட்டத்தில் உடம்பு ரப்பராக வளையும், ஆனால் தாளம் தப்பாது. நடிகர் ஒருவர், பாடகர் ஒருவர், ஆட்டக்காரர் ஒருவர் என்று மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒரே ஆள் செய்தார்.

அந்த ஆட்டம் மட்டக்களப்பாருக்குப் புதிதாகத் தெரியாது. நம் ஊர்ப் பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் வயலின் இழுத்து, மேளம் தட்டி, கபரிஞ்ஞா ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கால் தெரிந்த கால்தான். தச்சு வேலையும் இரும்பு வேலையும் தையலும் செய்து பிழைத்த மக்களின் ஆட்டம் அது. பைலாவுக்கும் அதற்கும் உறவு உண்டு. கூலிவேலை செய்கிறவர்கள் ஆடினால் அதைக் கூத்தடிப்பு என்று தள்ளிவைக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சந்திரபாபுவையும் முதலில் அப்படித்தான் பார்த்தார்கள். கோமாளிக்கு வேலை இரண்டு காட்சி என்று நினைத்தார்கள். பிறகு அந்தக் கோமாளி இல்லாமல் படம் விலை போகவில்லை.

1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் அவருக்கு இரட்டை வேடம். ஒரு வேடத்தில் ரிக்‌ஷா இழுப்பவராக, சென்னைத் தெருப் பேச்சைப் பேசி நடித்தார். சிவாஜி கணேசன் நடித்த படத்தில் மக்கள் இவருக்காகவும் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1959இல் ‘சகோதரி’ எடுத்து முடித்த பிறகு படம் சோர்வாக இருக்கிறதென்று ஏவி.எம். நிறுவனம் இவரைத்தான் அழைத்தது. அவருடைய நகைச்சுவைப் பகுதியைச் சேர்த்த பிறகே படம் நிமிர்ந்தது. அடுத்து வந்த ‘அன்னை’ (1962), ‘போலீஸ்காரன் மகள்’ (1962) படங்களில் அவர் சிரிப்புக்குள் துயரத்தை வைத்து நடித்ததை இன்றும் பேசுகிறார்கள்.

பிறகுதான் சரிவு. கண்ணதாசன் தயாரிப்பில் அவர் கதாநாயகனாக நடித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) ஓடவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து ‘மாடி வீட்டு ஏழை’ என்ற படத்தைத் தாமே எடுக்கத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. யார் பக்கம் தவறு என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசுகிறார்கள், தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. நட்டம் முழுவதும் ஒரே தலையில் விழுந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. காரிலேயே மேல்மாடிக்கு ஏறும்படி அவர் ஆசையாகத் திட்டமிட்ட வீடு கை நழுவியது. 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்ற படத்தை இயக்கினார். பெயருக்கு ஏற்றபடி கதவு திறக்கவில்லை. கடன் வந்தது, குடி வந்தது. 1974 மார்ச்சில், 46 வயதில், கையில் ஒன்றுமில்லாமல் செத்துப்போனார். கடைசிவரை துணைநின்ற சிலரில் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனும் ஒருவர்.

இங்கே உடனே ஒரு பேச்சு வரும். “குடித்து அழிந்தான், வாய்க்கொழுப்பால் கெட்டான்” என்பார்கள். அவர் குடித்தது உண்மை. யாருக்கும் அடங்காத வாய் இருந்ததும் உண்மை. படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வருவதில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பேச்சை நாம் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம். சம்பள உயர்வு கேட்டால் “கொடுத்தால் குடித்து அழிப்பார்கள்” என்று நம்மைப் பற்றியும் இதைத்தான் சொல்கிறார்கள். குடி வீட்டைக் கெடுக்கும் என்று நம் பெண்கள் சொல்வது நியாயம், அவர்கள் அதன் அடியை வாங்குகிறவர்கள். கூலியைக் குறைப்பதற்காக அதே சொல்லை எடுப்பவர்களின் நியாயம் வேறு.

ஒருவர் மட்டும் விழுந்திருந்தால் அவருடைய பழக்கம் என்று விட்டுவிடலாம். 1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959இல் இறந்தபோது பழைய செல்வம் இல்லை. அள்ளி அள்ளிக் கொடுத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் 1957இல் இறக்கும்போது பணமுடையில்தான் இருந்தார். ஒருவர் பின் ஒருவராக இத்தனை பேர் ஒரே பள்ளத்தில் விழுந்தால், ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாதையில் பள்ளம் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தைப் பார்த்தவர்கள் சென்னையிலேயே இருந்தார்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் திரைப்பட இசைக் கலைஞர்களைச் சங்கமாகச் சேர்த்தவர். பாட்டில் வயலின் வாசிப்பவரும் தபேலா அடிப்பவரும் பேசிய கூலியைக் கையில் வாங்க வேண்டும் என்று போராடியவர். தொழிலாளர் ஒற்றுமையைக் கதையாக வைத்து நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசை அமைத்தவரும் அவரே. போஸ்டரில் பெயர் வராதவர்கள் சேர்ந்து நின்று தங்களுக்கு ஒரு பாதுகாப்பைத் தேடிக்கொண்டார்கள். போஸ்டரில் பெரிதாகப் பெயர் வந்தவர் தனியாக நின்றார், தனியாகவே விழுந்தார்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ‘சபாஷ் மீனா’ வந்த அதே 1958இல் நம் நாட்டில் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஆக 20 வீதம் மாதாமாதம் தொழிலாளியின் பெயரில் சேர வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டத்தின்படி முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். மாதம் 30,000 ரூபா உழைக்கும் ஒருவருக்குச் சேமலாப நிதியில் மாதம் 6,000 ரூபா, வருடத்துக்கு 72,000 ரூபா சேர வேண்டும், வட்டி வேறு. லட்சங்களை எண்ணி வாங்கிய சந்திரபாபுவுக்கு அப்படி ஒரு சதம் சேரவில்லை. அன்றாடம் உழைக்கும் நமக்கு அந்தச் சட்டம் இருக்கிறது.

சட்டம் இருந்தும் பணம் சேருகிறதா? வாவிக்கரையின் தென்னந்தோட்டங்களில் மட்டை உரிக்கிறவர்களையும், மரமுந்திரிகை பொறுக்கி உடைக்கிற பெண்களையும் கேட்டுப் பாருங்கள். “நீ நாட்கூலி, உனக்கு அது கிடையாது” என்று சொல்லியிருப்பார்கள். அது பொய். தற்காலிகமாக வேலை செய்தாலும், எண்ணிக்கைக்குக் கூலி வாங்கினாலும், வேலைக்கு எடுத்த நாளிலிருந்து சேமலாப நிதி உரிமை உண்டு. சிலருக்குச் சம்பளத்தில் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிதிக்குக் கட்டாமலும் விடுகிறார்கள். 55 வயதில் போய்க் கேட்கும்போது பெயரே இல்லை என்ற பதில் வரும். அன்றைக்கு அழுது பயனில்லை.

எனவே மூன்று காரியங்களைக் கிளைகளின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு உறுப்பினரும் தன் சேமலாப நிதி இலக்கத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வர வேண்டும். இலக்கம் இல்லாதவர்கள் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். பெயர்களைச் சேர்த்து மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்கு ஒன்றாகப் போவோம். தனியாகப் போகிறவரை நாளைக்கு வா என்று அனுப்பலாம். முப்பது பேராகப் போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, நம் கலைஞர்களுக்கு நாமே முதலில் நியாயம் செய்ய வேண்டும். மே தினத்துக்குத் தப்படிக்க வருபவருக்கும், காமன் கூத்து ஆடுபவருக்கும், மத்தளம் வாசித்து இரவு முழுவதும் கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கும் என்ன கொடுக்கிறோம்? ஒரு சாப்பாடு, ஒரு சால்வை, பல நேரங்களில் ஒரு போத்தல். போத்தலைக் கொடுத்துவிட்டுப் பிறகு குடிகாரன் என்று பேசுவதும் நாம்தான். இனிச் சங்க நிகழ்ச்சிக்கு அழைக்கும் ஒவ்வொருவருக்கும் தொகையை முன்கூட்டியே பேசி, எழுதி, நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுக்க வேண்டும். துரையிடம் நாம் கேட்பது இதுதான். தப்புக்காரரிடம் நாமே துரையாக நடக்கக் கூடாது.

மூன்றாவது, பிள்ளைகள். வகுப்பில் வாத்தியாரைப் போலவும் கணக்குப்பிள்ளையைப் போலவும் பேசிக் காட்டிச் சிரிக்க வைக்கும் பிள்ளை எல்லாத் தோட்டப் பாடசாலையிலும் இருக்கும். அந்தப் பிள்ளையை அடித்து உட்கார வைக்க வேண்டாம், மேடையில் ஏற்றுங்கள். அதே பிள்ளை சாதாரண தரம் வரை படித்து முடிப்பதையும் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டமும் வேண்டும், கையெழுத்துப் போடும் முன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் தெரிய வேண்டும்.

சந்திரபாபு நம்மைச் சிரிக்க வைத்ததற்கு நாம் அவருக்கு எந்தக் கூலியும் கொடுக்கவில்லை. கொடுக்க இப்போது அவரும் இல்லை. அவர் பாட்டைக் கேட்டு ஆடும் நம் பிள்ளைகள் அவர் விழுந்த பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குச் சம்பளச் சீட்டோடு வாருங்கள்.