எந்த வாசல் வழியே?

விண்டோஸ் 10க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதன் பிறகு விண்டோஸ் 11க்கு மாறியவர்கள் உண்டு, லினக்ஸ் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எதைப் போட்டாலும், இரண்டு மூன்று இணைப்புகள் உள்ள அலுவலகத்தில் மறுநாளே எழக்கூடிய புகார் ஒன்று: "கேபிளைப் பிடுங்கினா நெட் வருது, சொருகினா போயிடுது."

காரைக்குடிப் பக்கம் ஹோட்டலாக மாறிய நகரத்தார் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரவேற்பு மேசையில் ஒரு கணினி. அதன் லேன் கேபிள் உள்ளே இருக்கும் ரவுட்டருக்குப் போகிறது. சிசிடிவி பெட்டியும் பில் பிரிண்டரும் அங்கேதான். இணையமோ ஃபைபர் மோடத்தின் வைஃபையில் வருகிறது. ஃபைபர் அறுந்த நாளில் கைபேசியை யுஎஸ்பியில் செருகிச் சமாளிப்பார்கள். ஆக, மூன்று வழிகள். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எதற்கு எந்த வாசல் என்பது வீட்டு ஆச்சிக்குத் தெரியும். புதிதாக ஓ.எஸ். போட்ட கணினிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

சொல்லாவிட்டால் அது தானாக ஒரு கணக்குப் போடும். லினக்ஸில் பரவலாக உள்ள நெட்வொர்க்மேனேஜர், கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று எண் வைத்திருக்கிறது. குறைந்த எண் முந்திக்கொள்ளும். விண்டோஸும் இணைப்பின் வேகத்தைப் பார்த்து இப்படியொரு எண்ணைப் போடுகிறது. உள் ரவுட்டர் கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும்; இணையத்துக்குப் போக வேண்டியதெல்லாம் கேமராப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கேபிளைப் பிடுங்கினால் நெட் வரும், பிரிண்டர் போகும்.

தீர்வு ஐந்து நிமிட வேலை. உள் இணைப்பில் கேட்வே இடத்தைக் காலியாக விட வேண்டும். ரவுட்டர், மோடம் இரண்டும் 192.168.1 என்றே முகவரி கொடுத்தால் ஒன்றை 192.168.2க்கு மாற்ற வேண்டும். தனியார் வலையமைப்புகளுக்கென 1994இல் மூன்று பெரிய முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டும், மோடம் தயாரிப்பாளர்கள் பலர் அதே ஓரிரு வரிசைகளையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு லைன் இருந்தால் வேகம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையையும் இத்தோடு கைவிடலாம். சாதாரண அமைப்பில் ஒரு பதிவிறக்கம் ஒரு வழியில்தான் வரும்.

சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பா பல்கலைக்கழகம் என்று ஆய்வகங்கள் உள்ள காரைக்குடிக்கு இந்த விஷயம் இன்னும் முக்கியம். அளவிடும் கருவிக்கு ஒரு லேன் போர்ட், வளாக நெட்டுக்கு இன்னொன்று என்பது ஆய்வகக் கணினிகளில் சகஜம். இணைப்பைப் பகிரும் வசதியை யாரோ விளையாட்டாக இயக்கிவிட்டால், வெளியுலகையே பார்க்காத பழைய கருவியும் வெளியோடு சேர்ந்துவிடும்.

பழியை முழுக்க ஓ.எஸ். போட்டுத் தரும் கடைப் பையன்கள் மேல் போடுவது நியாயமில்லை. டெபியன் நிறுவி, ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பைக் கண்டால் எது முதன்மை என்று நேராகவே கேட்கிறது, தமிழிலும் கேட்கும். விண்டோஸ் 11 நிறுவியோ நெட்டோடு சேரச் சொல்கிறதே தவிர, எந்த வழி எதற்கு என்று கேட்பதில்லை. பெயர்களும் குழப்பும். லினக்ஸில் ஈத்0, ஈத்1 என்ற இணைப்புப் பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறிக்கொண்டிருந்ததால், 2013இல் சிஸ்டம்டி என்ற லினக்ஸ் நிர்வாக மென்பொருள், நெட்வொர்க் கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய அமைப்புக் கோப்பை அப்படியே புதிய ஓ.எஸ்.ஸில் ஒட்டுபவருக்கு, அதில் எழுதியிருக்கும் கார்டு கண்ணிலேயே படாது.

அரசு அலுவலகமானாலும் கடையானாலும், கணினி வாங்கும்போது கேட்க வேண்டியது 'விண்டோஸ் போட்டாச்சா' என்பதல்ல. எந்த கேபிள் எதற்கு, எந்த முகவரி, எதில் கேட்வே என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டச் சொல்ல வேண்டும். போட்டவர் கிளம்பும் முன் கணினியை ஒருமுறை அணைத்துப் போடட்டும். எல்லா இணைப்புகளும் சொருகியிருக்க ஒரு பில் அச்சாகட்டும், ஒரு இணையதளம் திறக்கட்டும். பிறகு ஃபைபரைப் பிடுங்கிக் கைபேசி இணைப்பிலும் அதே சோதனை. அதன் பிறகு பணம் கொடுக்கலாம்.